கூப்பிட ஒரு பேர்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அன்றைக்கே உன் அப்பா ஒரு கார்டை வாங்கிக் கையில் கொடுத்து, அதில் என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு மில்லுக்குப் போனார். 'பிள்ளைக்கு என் பேர்தான். கோயிலுக்குப் பெரியப்பா நாள் பார்த்துவிட்டார். லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டு வா.' அவர் சொன்னது இவ்வளவுதான், அதை அப்படியே எழுதிவிட்டேன். அவர் சொல்லை நான் மறைத்தேன் என்ற பேச்சு நாளைக்கு வரக்கூடாது. ஆனால் எனக்குச் சொல்ல இருப்பது ஒரு கார்டில் அடங்காது. சண்டைக் காலத்தில் நல்ல தாள் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது. எதிர்வீட்டு வாத்தியாரிடம் பரீட்சைத் தாளில் மிச்சம் கேட்டு வாங்கி, உலையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கும் மில்லுக்குப் போன உன் அப்பா சாயங்காலம்தான் வருவார். அதுவரைக்கும் இந்த வீடு என்னுடையது.

நீ எழுதியதை அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். உன் பெரிய ஆபீசர் வீட்டில் தேநீருக்குக் கூப்பிட்டிருந்ததையும், அவருடைய மகன் பூட்ஸும் காலுறையும் போட்டுக்கொண்டு கான்வெண்டுக்குப் போவதையும், அவன் பேர் சுரேந்திரநாத் என்பதையும், அந்தப் பேரைக் கேட்டதுமே வாத்தியார்கள் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள் போலத் தோன்றியதையும் வாசித்தேன். உன் பிள்ளைக்கும் அதே பேரை வைக்கப்போவதாக நீ எழுதியதையும் வாசித்தேன். அடுத்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். அப்பா பேரை வைத்தால் பிள்ளை பள்ளிக்கூட வாசலிலேயே தோற்றுவிடுவான் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை. அவருக்கு எழுத்துத் தெரியாதே தவிர என் குரல் எங்கே தடுக்கிறது என்பது தெரியும். "அந்த எடத்துல என்னமோ விட்டுட்டயே, திருப்பி வாசி" என்றார். திருப்பி வாசித்தேன், திருப்பியும் விட்டேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் பேர் சிரிக்கிற பேர் இல்லை, தம்பி. அந்தப் பேரைச் சொன்னால் பஞ்சாலையில் இன்றைக்கும் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள்.

ஆனாலும் நீ ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும். காலேஜில் சேர்ந்த புதிதில் ஒருநாள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். வகுப்பில் ஆஜர் எடுத்தவர் உன் பேரை வாசித்துவிட்டு, தலையைத் தூக்கி உன் நிறத்தைப் பார்த்து, ஆளுக்கு ஏற்ற பேர்தான் என்று சொன்னாராம். வகுப்பே சிரித்ததாம். இதை நீ என்னிடம் சொல்லவில்லை, உன் கூட்டாளி வந்து சொன்னான். நான் உன்னிடம் வந்து, அது சாமி பேரடா, காவல் காக்கிற சாமி, சிரித்தவன் வாய் வெந்து போகும் என்றேன். சாமியைப் பற்றி நீ கேட்கவே இல்லை. உனக்கு நேர்ந்ததைக் கேட்டுவிட்டு நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதுமாயிருந்திருக்கும். எனக்கு அப்போது அந்தப் புத்தி இல்லை. இப்போது ஆபீசில் நீ பி.கே. சாமி. உன் பேரில் பாதியை இங்கிலீஷ் எழுத்துக்குள் ஒளித்துவிட்டாய். அதில் எனக்கு வருத்தம் உண்டு. குறை சொல்ல மாட்டேன்.

பெரிய இடத்துப் பேருக்கு ஆசைப்பட்டதில் நீ இந்த வீட்டில் முதல் ஆளும் இல்லை. என் அப்பா மதுரையில் ஒரு வக்கீலுக்குக் குதிரைவண்டி ஓட்டினவர் என்பது உனக்குத் தெரியும். வக்கீல் வீட்டுப் பின்கட்டில்தான் எங்கள் குடித்தனம். வக்கீல் மகளுக்குத் துணையாக என்னையும் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதால்தான் இன்றைக்கு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். அந்த வீட்டு மருமகளுக்கு ஆண் பிள்ளை பிறந்தபோது ஜயந்தன் என்று பேர் வைத்தார்கள். அவர்கள் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாருக்கும் இல்லாத பேர். வந்து போகிறவர்களெல்லாம் ஆகா, என்ன நாகரிகமான பேர் என்றார்கள். எனக்கு நாகரிகமெல்லாம் பிடிபடவில்லை. அந்த அம்மாள் மாடியில் நின்றுகொண்டு, "ஜயந்தா, ஜயந்தா" என்று தெருவுக்கே கேட்கும்படி தன் பிள்ளையைக் கூப்பிடுவாள். அதைத்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் பக்கத்தில் எந்தத் தாயும் மூத்த பிள்ளையை அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. மூத்தவனுக்குத் தாத்தா பேர், தாத்தாவோ அவளுக்கு மாமனார், மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

நீ பிறந்ததும் உன் அப்பாவிடம் கேட்டேன், ஜயந்தன் என்று வைக்கலாமா என்று. அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. வாடிப்பட்டியிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அவர் காதுக்கு விஷயம் போனதும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "வண்டிக்காரன் மகளுக்கு வக்கீல் வீட்டுப் பேரு கேக்குதாக்கும்" என்றார். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. கோயிலில் வைத்து உன் காதில் உன் தாத்தா பேரைச் சொன்னார்கள். அன்றைக்கே அந்தப் பேர் என் வாய்க்கு வெளியே போய்விட்டது. பேர் மட்டுமா? அந்தப் பேரில் இருக்கிற நிறத்தைக்கூட நான் சொன்னதில்லை. கடையில் போய்ப் பனங்கட்டி கொடுங்கள் என்றுதான் கேட்பேன். செட்டியாரும் சிரித்துக்கொண்டே கொடுப்பார். நான் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பெற்ற தகப்பன் பேரை 'டேய்' போட்டுக் கூப்பிட உன் அப்பாவுக்கும் நாக்கு எழவில்லை. அவருக்கு நீ பெரியவன், எனக்குத் தம்பி. ஊரெல்லாம் பேர் சொல்ல ஒரு பிள்ளை பிறந்துவிட்டான் என்று வாழ்த்தியது. அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

உனக்கு ஞாபகம் இருக்காது, அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் உன்னை வைகை மணலில் தொலைத்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்காத வயது. பானகம் வாங்கி வருகிறேன் என்று உன் அப்பா போயிருந்தார். தோல் பையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஒரு கூட்டம் ஆடி வந்தது. முகத்தில் தண்ணீர் அடித்ததும் கண்ணைத் துடைத்தேன். துடைத்துவிட்டுப் பார்த்தால் என் முந்தானையைப் பிடித்திருந்த கையைக் காணோம். "தம்பி, தம்பி" என்று கத்திக்கொண்டு ஓடினேன். மதுரை ஜில்லாவில் உள்ள தம்பிகளெல்லாம் அந்த மணலில்தான் இருந்தார்கள். திரும்பிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஒரு போலீஸ்காரர் என்னைப் பிடித்து நிறுத்தினார். நல்ல மனிதர், குரலும் நல்ல குரல். பேரைச் சொன்னால் தானே கூப்பிடுவதாகச் சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தம்பி, சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தேன். பெரியப்பா அங்கே இல்லை, உன் அப்பா இல்லை, என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பிள்ளை போய்விட்டது, ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. அப்படியும் அந்தப் பேர் தொண்டைக்கு மேலே வரவில்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? புள்ள பேரு தெரியாத தாயும் உண்டா?"

"எங்க மாமனாரு பேருங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் வீட்டிலும் ஒருத்தி இருந்திருப்பாள்.

"சரித்தா, என்ன சாமி பேரு, அதையாச்சும் சொல்லு."

"அழகர்கோயில் வாசல்ல, பதினெட்டாம்படியில நிக்கிறவருங்க."

அவர் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு அந்தப் பேரைக் கூப்பிட்டார். அன்றைக்கு, அந்த ஆற்றில், அந்தப் பேர். என்னய்யா, என்னய்யா என்று கிழவர்களும் வாலிபர்களும் நாலா பக்கத்திலும் திரும்பினார்கள். எனக்கு அழுகை ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். கடைசியில் உன் அப்பாதான் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர்ப்பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாயாம். உன்னைக் கட்டிக்கொண்டு, போலீஸ்காரர் கூப்பிட்டது கேட்கவில்லையா என்று கேட்டேன். "கேட்டுச்சு. அவரு யாரையோ கூப்புட்டாரு" என்றாய்.

உன் பேர் உனக்கே தெரியவில்லை. யாராவது கூப்பிட்டிருந்தால்தானே தெரியும்? உன் அப்பாவுக்கு அன்றைக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அவர் வருத்தம் வேறு. வீட்டுக்கு வந்ததும், "எங்கய்யா பேர ஊரு நடுவுல போலீஸ்காரன் வாயால கத்த வச்சிட்டயே" என்றார். சொல்லாததும் என் குற்றம், சொல்ல வைத்ததும் என் குற்றம். அவரைப் பொல்லாதவர் என்று எண்ணிவிடாதே. நிலம் பெரியப்பா கைக்குப் போனது. உன் அப்பா மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்று மேஸ்திரி ஆனார். அவர் தகப்பனிடமிருந்து வந்ததென்று சொல்லிக்கொள்ள அந்தப் பேரைத் தவிர வேறு எதுவும் இல்லை. இப்போது தன் பேர் பேரன் மேல் உட்காரும் என்று இத்தனை வருஷம் காத்திருந்தார். நீ அதை வேண்டாம் என்கிறாய். அவர் கோபமாகப் பேசுகிறாரே ஒழிய, உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

சரி, நான் என்ன செய்வது? அவர் பேரை வைக்கச் சொன்னால், மகன் பேரைச் சொல்லாமல் ஒரு காலம் கழித்தவள், புருஷன் பேர் கொண்ட பேரனையும் சொல்லாமல் மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டும். எனக்கும் ஆசை இருக்கிறது, தம்பி. என் வயிற்று வழியில் வந்த ஒரு பிள்ளையையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஆசை இருக்கிறது. நீ சொல்கிற பேரை வைக்கச் சொன்னால், என் புருஷன் பேரைக் கேவலம் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரில்தான் முட்டிக்கொள்கிறேன். இப்படியே மூன்று நாள் இரண்டு மனதாய் இருந்துவிட்டு, நேற்று உன் அப்பாவோடு மேலூர்ச் சம்பந்தி வீட்டுக்கு வள்ளியையும் பிள்ளையையும் பார்க்கப் போய் வந்தேன். பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் புகையைக் குடித்துக்கொண்டு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. பிள்ளை உன் மூக்கோடு, வள்ளியின் நெற்றியோடு நன்றாக இருக்கிறான். தாய்வீட்டுச் சாப்பாட்டில் வள்ளியும் கொஞ்சம் தேறியிருக்கிறாள்.

ஆண்கள் முன்கட்டில் கோயிலுக்கு எத்தனை கிடா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே வள்ளியிடம், உன் மனதில் என்ன பேர் இருக்கிறது என்று கேட்டேன். அவள் முழித்தாள். இதுவரைக்கும் அவளை யாரும் கேட்கவில்லையாம். நீயும் கேட்கவில்லையாம், இந்தப் பேர் முடிவாகிவிட்டது என்றுதான் எழுதினாயாம். கேட்டதும் முதலில் ஒன்றும் இல்லை அத்தை, ஒன்றும் இல்லை அத்தை என்றாள். பிறகு பிள்ளையின் துணியைச் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"மாமா பேரு வச்சா நான் சொல்லக் கூடாது. அவுக சொல்ற பேரு வச்சா, நான் வாயத் தொறக்கையிலேயே அவுக திருத்துவாக. ரெண்டுலயும் நான் பேசாமத்தான் இருக்கணும்த்த."

என்ன திருத்துவான் என்று கேட்டேன். பட்டணத்தில் உன் ஆபீசர் சம்சாரம் வந்திருந்தபோது இவள் டேசன் என்று சொன்னாளாம். நீ அந்த அம்மாளுக்கு முன்னாலேயே ஸ்டேஷன் என்று திருத்தி, சிரித்தாயாம். அதற்கப்புறம் அந்த மாதிரி ஆட்கள் வந்தால் அடுப்படியை விட்டு வருவதில்லையாம். உன்னை ஒரு வகுப்பு சிரித்தது, நீ இவளைப் பார்த்துச் சிரித்தாய். இதைப் படிக்கிறபோது உனக்கு உறைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பெரிய இடத்துப் பேர் என்றால் பிள்ளைக்கு உயரம் என்று நினைக்கிறாய். அந்த உயரத்தில் பிள்ளையை வைத்துவிட்டு அதன் தாயைக் கீழே நிறுத்தினால், அவள் கூப்பிடுவது அவனுக்கு எப்படிக் கேட்கும்?

அப்படியானால் யாருமில்லாதபோது நீ என்னவென்று கூப்பிடுகிறாய் என்று கேட்டேன். அவள் வாசலை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "வேலு" என்றாள். பழமுதிர்சோலைச் சாமிக்கு நேர்ச்சையா என்றேன். அதுவும்தான் என்றவள், தயங்கித் தயங்கி மிச்சத்தைச் சொன்னாள்: "உங்க வீட்டுலயும் எங்க வீட்டுலயும் அந்தப் பேரு ஆருக்கும் இல்லத்த. படுத்துக் கெடக்கையில ஒவ்வொருத்தரா நெனச்சுப் பாத்துட்டேன்."

பிள்ளை பெற்ற உடம்போடு படுத்துக்கொண்டு, செத்தவர் இருப்பவர் என்று இரண்டு வீட்டு ஆண்களையும் வரிசையாக நிறுத்தி, தான் சொல்லக்கூடிய பேர் ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். வக்கீல் வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, நான் ஆசைப்பட்டதும் இதற்குத்தான். பிள்ளையின் பக்கம் குனிந்து நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். வேலு. தடுக்காமல் வந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம், வள்ளி சிரித்தேவிட்டாள். முன்கட்டில் உன் அப்பா தொண்டையைச் செருமினார். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

பெரியப்பா ஒரு சமாதானம் வைத்திருக்கிறார், அதையும் எழுதிவிடுகிறேன். கோயிலில் அப்பா பேர், பள்ளிக்கூடத்தில் நீ கேட்ட பேர், வீட்டில் பெண்பிள்ளைகள் எதையாவது சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்கிறார். ஆண்களுக்கு அது நல்ல சமாதானம்தான். எதையாவது சொல்லிக் கூப்பிட்டவள் நான். அந்த எதையாவதுக்கு ஆற்று மணலில் என்ன மரியாதை என்று பார்த்தவளும் நான். அதனால் அதற்கு நீ சம்மதிக்காதே. கோயிலில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று என்று வேண்டாம், எல்லா இடத்திலும் வேலு என்றே இருக்கட்டும். பட்டணத்து ஆபீசர் வீட்டில் அந்தப் பேருக்கு நாற்காலி போட மாட்டார்கள், நீ நினைத்த உயரம் அதில் இல்லை. உன் அப்பாவுக்கும் அது பெரிய அடி. இரண்டும் தெரிந்துதான் சொல்கிறேன். உன் அப்பாவிடம் நான்தான் சொல்லப்போகிறேன், இன்றைக்கு அவர் சாப்பிட்டு எழுந்ததும். அவர் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவார். பேச்சு நின்ற வீட்டில் இருந்து பழக்கம்தான் எனக்கு. அப்படியும் சொல்லத் துணிவு வருமா என்று இந்த நிமிஷம் வரை தெரியவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை முதலில் தபாலில் போட்டுவிடுகிறேன். நீ ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதினால் என் கை பலப்படும். முதலில் வள்ளிக்கு எழுது, அப்புறம் எனக்கு எழுதலாம்.

கோயிலில் பிள்ளையின் காதில் பேர் சொல்லுகிறபோது, முதல் வாய் அவளுடையதாக இருக்கட்டும். வழக்கம் இல்லை என்பார்கள். பக்கத்தில் நில், போதும்.

எழுதி முடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உன் பேரைச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாருமில்லை. உன் தாத்தா செத்தும் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ள ஆளில்லை. முன்பாதி வந்தது. 'பெரிய' என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மீதிக்காக வாயைத் திறந்தபடியே நின்றேன். வரவில்லை, தம்பி. எனக்கு இனிமேல் வராது.

உன் அம்மா